குக்கர் விசிலுக்கும் பள்ளி வேனுக்கும் நடுவே: உல்லன் பின்னத் தொடங்குகிறவர்களுக்கு

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கார்த்திகை பிறந்துவிட்டால் பிள்ளைகள் ஸ்வெட்டரும் குல்லாவுமாகத்தான் பள்ளி வேனுக்கு நிற்கிறார்கள். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், காலைக் குளிர் சும்மா விடாது. அந்தக் குளிரோடு சேர்ந்து ‘நாமே ஒன்று பின்னிவிட்டால் என்ன’ என்ற ஆசையும் வரும். ஊசி, நூல் எல்லாம் வாங்கி, நான்கு வரிசை போட்டு, அப்புறம் பீரோ மேலே தூக்கி வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். கேட்டால் நேரமில்லை என்பார்கள். எனக்கென்னவோ, பாதியில் கீழே வைக்க முடியாத வேலையைப் போய்ப் பிடித்ததுதான் காரணம் என்று தோன்றுகிறது.

வீட்டில் நமக்கு நேரம் பத்துப் பத்து நிமிடமாகத்தான் கிடைக்கும். குக்கர் மூன்று விசில் விடுகிற நேரம், மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்புகிற நேரம், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நேரம். களி கிளறுகிற நேரத்தை இதில் சேர்க்காதீர்கள், அதற்கு இருக்கிற இரண்டு கையே போதாது. எந்த நிமிடமும் ‘அம்மா!’ என்று ஒரு குரல் வரும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் சாப்பாடு கேட்பார். அப்போது அப்படியே வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும், திரும்பி வந்தால் வைத்த இடத்திலிருந்தே தொடர வேண்டும். நூல், ஊசி, முதலில் பின்னும் பொருள் என்று இங்கே நான் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதலில் கொக்கி ஊசி

உல்லன் வேலையில் இரண்டு வழி உண்டு. ஒன்று, முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் போடுகிற குரோஷா. இன்னொன்று, இரண்டு நீள ஊசிகளால் போடுகிற நிட்டிங். ஸ்வெட்டர் என்றதும் எல்லோரும் இரட்டை ஊசியைத்தான் நினைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் குரோஷாவில் தொடங்குங்கள் என்பேன்.

காரணம் எளிது. குரோஷாவில் ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்கும்போது ஊசியில் ஒரே ஒரு கண்ணிதான், அதாவது ஒரு நூல் வளையம்தான், உயிரோடு இருக்கும். பிள்ளை ஊசியை உருவிக்கொண்டு ஓடினாலும் நாலைந்து கண்ணிதான் பிரியும். நிட்டிங்கில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், அறுபது எண்பதுகூட இருக்கும். ஊசி உருவப்பட்டால் அத்தனையையும் மறுபடி பிடித்துக் கோக்க வேண்டும். பழகியவர்களுக்கே அது எரிச்சல், புதியவர்கள் அன்றோடு விட்டுவிடுவார்கள்.

குரோஷாவுக்குக் குறைகளும் உண்டு. அதே அளவு துணிக்கு நூல் கூடுதலாக இழுக்கும். துணியும் கொஞ்சம் விறைப்பாக வரும். உடம்போடு ஒட்டி நீண்டு சுருங்குகிற குல்லா, ஸ்வெட்டருக்கு நிட்டிங்தான் அழகு. அதனால் குரோஷாவில் கை பழகட்டும், குளிர் காலத்துப் பொருளுக்கு நிட்டிங்குக்கு மாறிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒயர் கூடை பின்னிய அத்தை, பெரியம்மா யாராவது இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அவர்களுக்கு உல்லன் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எல்லா முடிச்சையும் ஒரே இறுக்கத்தில் போடுவது, எண்ணிக்கை தவறினால் உடனே கண்ணில் படுவது, பிரித்துவிட்டு அலுக்காமல் மறுபடி போடுவது எல்லாம் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் வீடியோ பார்த்து அவர்களுக்குச் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் அவர்கள் உங்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்துவிடுவார்கள்.

என்ன வாங்குவது

நூலும் ஊசியும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி ஃபேன்சி ஸ்டோர்களிலும் தையல் சாமான் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். நிறம் அதிகம் வேண்டுமென்றால் பெங்களூரு சிக்பேட்டை பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிடலாம். ஆன்லைனில் வாங்குவதில் தவறில்லை, ஆனால் முதல் உருண்டையைத் தொட்டுப் பார்த்து வாங்கினால் நல்லது.

முதல் நூல் பருமனாக, வழவழப்பாக, வெளிர் நிறத்தில் இருக்கட்டும். மஞ்சள், இளநீலம், இளம்பச்சை எதுவானாலும் சரி. கறுப்பும் அடர்நீலமும் வேண்டாம், ராத்திரி டியூப்லைட்டில் கண்ணியே தெரியாது. ரோமம் ரோமமாகச் சிலும்பி நிற்கிற நூல் பார்க்க ஆசையாக இருக்கும். பிரிக்கும்போது ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், அதனால் முதல் வருடம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

‘உல்லன்’ என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். அது மோசமில்லை. அரிக்காது, அடிக்கடி துவைக்கலாம், விலையும் கம்மி. சந்தேகமிருந்தால் ஒரு துண்டு நூலை வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். உண்மையான கம்பளி முடி கருகுகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். உருகுகிற பொருள் என்பதால் அக்ரிலிக் மஃப்ளர் போட்டுக்கொண்டு யாரும் அடுப்பருகே போகக் கூடாது. அக்ரிலிக்கில் கைப்பிடித் துணியும் பின்னாதீர்கள், சூடான பாத்திரத்தில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். அடுப்படிக்குப் பருத்தி நூல்தான். மாங்காய் சீசன் வெயிலில் உல்லன் தொட்டாலே கை பிசுபிசுக்கும். சித்திரை, வைகாசியில் பருத்தியை எடுங்கள்.

உருண்டையைச் சுற்றியிருக்கும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். எடை, ஊசி அளவு, சாயம் போட்ட லாட் நம்பர் எல்லாம் அதில்தான் இருக்கும். நிறத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் லாட் வேறு என்றால் கொஞ்சம் மாறுபடும். பின்னும்போது தெரியாது, பின்னி முடித்து வெளிச்சத்தில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஒரு பொருளுக்கு வேண்டிய நூலை ஒரே தடவையில், ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். பிள்ளைக்கு மஃப்ளர் என்றால் சுமார் 100 கிராம், குல்லாவுக்கு 50 முதல் 70 கிராம் போதும்.

கொக்கி ஊசி 4 அல்லது 4.5 மில்லிமீட்டர், அலுமினியத்தில் வாங்குங்கள். லேஸ் பின்னுகிற மெல்லிய ஸ்டீல் ஊசியைக் கடைக்காரர் எடுத்துத் தந்தால், அது வேறு வேலைக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். நிட்டிங் ஊசியில் ஒரு குழப்பம் உண்டு. நம் கடைகளில் பழைய எண் முறை இன்னும் புழங்குகிறது, அதில் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். 10-ஆம் நம்பர் 3.25 மில்லிமீட்டர், 8-ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர், 6-ஆம் நம்பர் 5 மில்லிமீட்டர். ‘பெரிய நம்பர் கொடுங்க’ என்று கேட்டால் மெல்லிய ஊசி வந்து சேரும். மில்லிமீட்டரிலேயே கேளுங்கள்.

இவற்றோடு கத்தரிக்கோல், இஞ்ச் டேப், அகலக் கண் உள்ள மழுங்கிய ஊசி ஒன்று. வளையலிலோ தாலிக் கொடியிலோ கோத்து வைத்திருக்கிற ஊக்குகள் இந்த வேலைக்கு அவ்வளவு உதவும். கண்ணியில் அடையாளம் வைக்கக் கடையில் தனியாக விற்கிற ‘மார்க்கர்’ எல்லாம் வேண்டியதில்லை.

முதல் வாரம் ஒரே ஒரு சதுரம்

டீ டம்ளர் வைக்கிற சதுரம் ஒன்றைப் பருத்தி நூலில் போடுங்கள். கெட்டுப்போனாலும் கை துடைக்க ஆகும்.

நூல் நுனியில் உருவினால் பிரிகிற ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசி மேல் ஒரு சுற்றுச் சுற்றி, கொக்கியால் அந்தச் சுருக்குக்குள் இழுத்தால் ஒரு செயின். இப்படியே 16 செயின். பூத்தொடுக்கத் தெரிந்த விரலுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை, நூலை இடது ஆள்காட்டி விரலில் சுற்றிப் பிடிக்கிற பழக்கம்தான் வர வேண்டும். புதியவர்கள் எல்லோரும் இறுக்கி இறுக்கிப் போடுவார்கள். செயினுக்குள் கொக்கி தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லையென்றால் பிரித்துவிட்டு, தோளைத் தளர்த்திக்கொண்டு மறுபடி போடுங்கள்.

அடுத்து, கொக்கிக்குப் பக்கத்தில் உள்ள முதல் செயினை விட்டுவிட்டு இரண்டாவதில் குத்துங்கள். நூலைச் சுற்றி இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். மறுபடி சுற்றி, இரண்டுக்குள்ளும் ஒன்றாக இழுத்துவிட்டால் ‘சிங்கிள்’ என்கிற கண்ணி ஒன்று முடிந்தது. கடைசிச் செயின் வரை போட்டால் 15 வரும். ஒரு செயின் போட்டுத் துணியைத் திருப்பி மறுபடி 15. சதுரம் ஆகும்வரை இதேதான். பழைய இங்கிலாந்து முறைப் புத்தகம் எதையாவது பார்த்துப் போடுகிறீர்கள் என்றால், அதில் டபுள் என்று இருப்பதுதான் இந்த சிங்கிள்.

மூன்றாவது நான்காவது வரிசையில் உங்கள் சதுரம் முக்கோணமாகத் தொடங்கும். எல்லோருக்கும் ஆகிறதுதான். வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் ஒளிந்துகொள்ளும், அதை விட்டுவிட்டுத் திருப்பியிருப்பீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் போடுகிற முதல் கண்ணியில் ஊக்கைக் குத்தி வையுங்கள். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கிற கண்ணியில் போட்டால்தான் அந்த வரிசை முடிந்ததாகக் கணக்கு. வரிசைக்கு ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். பதினாலு வந்தால் பிரிக்க வேண்டியதுதான், கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பாதியில் எழுந்து போவதற்கு

யாராவது கூப்பிட்டால் குரோஷாவில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஊசியில் இருக்கிற ஒற்றைக் கண்ணியைக் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குப் பெரிதாக இழுத்துவிட்டு, ஊசியை எடுத்துவிடுங்கள். பிள்ளை கைபடும் இடமென்றால் அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கு. ஊசி தனியாக உயரத்தில், துணி எங்கே வேண்டுமானாலும்.

நிட்டிங்கில் வரிசை முடிவில் நிறுத்துவதுதான் நல்லது. ஆனால் வீடு அதற்கெல்லாம் காத்திருக்காது. நடுவில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று குழம்பும். நூல் உருண்டையிலிருந்து வருகிற இழை எந்த ஊசியின் கண்ணியில் இருக்கிறதோ அந்த ஊசி வலது கையில் இருக்க வேண்டும். இதை மறந்து மாற்றிப் பிடித்தால் துணியில் ஓட்டை விழும். ஊசி முனைகளில் ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றி வைத்தால் கண்ணி நழுவாது.

இன்னும் நல்ல வழி, நடுவில் மெல்லிய கேபிளால் இணைத்த சர்க்குலர் ஊசி வாங்கிவிடுவது. வட்டமாகப் பின்னத்தான் அது என்று நினைக்காதீர்கள், நேராகப் போய்த் திரும்புகிற வேலைக்கும் அது ஆகும். எழுந்திருக்கும்போது எல்லாக் கண்ணியையும் கேபிளுக்குத் தள்ளிவிட்டால் உருவிக்கொள்ளாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் விலாவிலும் இடிக்காது. அத்திப்பள்ளி டோல்கேட்டில் வண்டி நகராமல் நிற்கும்போது எத்தனையோ வரிசை ஓடும்.

நூல் உருண்டையை ஒரு போசியிலோ தூக்குவாளியிலோ போட்டு வைத்தால் கட்டிலுக்கு அடியில் உருளாது. மொத்த வேலையும் ஒரு மஞ்சப்பைக்குள் அடங்கட்டும். ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பரப்பி, மறுபடி அடுக்க வேண்டுமென்றால் உங்கள் பத்து நிமிடத்தில் நாலு நிமிடம் அதற்கே போய்விடும். எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கோடு போட்டு வையுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம், நடுவில் பால்காரர் வந்தால் போச்சு.

இரட்டை ஊசிக்கு மாறும்போது

சரி, சதுரம் சதுரமாகவே வர ஆரம்பித்ததும் 5 மில்லிமீட்டர் ஊசியும் பருமனான நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரு மஃப்ளர் போடலாம். தொடக்கத்தில் ஊசியில் 30 கண்ணி ஏற்றினால் சுமார் 6 அங்குல அகலம் வரும், 40 அங்குலத்துக்குக் குறையாமல் நீளம்.

நிட் கண்ணியை நாலு அசைவாகச் சொல்லலாம்: நுழை, சுற்று, இழு, தள்ளு. இடது ஊசியின் முதல் கண்ணிக்குள் வலது ஊசியை முன்னிருந்து பின்னாக நுழைத்து, நூலை அதன்மேல் சுற்றி, புதுக் கண்ணியாக முன்னால் இழுத்து, பழையதை இடது ஊசியிலிருந்து தள்ளிவிட வேண்டும். எல்லா வரிசையிலும் இது மட்டுமே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடு மேடாகத் துணி வரும், ஓரமும் சுருளாது. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (நிட்டின் மறுபக்கம், குல்லாவில் சொல்கிறேன்) என்று போட்டால் கடை ஸ்வெட்டர் போல வழுவழுப்பாக வரும்தான், ஆனால் ஓரமெல்லாம் பாய் மாதிரி சுருட்டிக்கொள்ளும். மஃப்ளருக்கு அது ஆகாது.

குறுகலான பொருளாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 30 கண்ணி வரிசையைப் புதியவர்கூடச் சில நிமிடத்தில் முடித்துவிடலாம். 120 கண்ணிப் போர்வையை எடுத்தால் ஒரு வரிசைக்குள் மூன்று தடவை எழுந்திருக்க வேண்டிவரும்.

கண்ணி ஒன்று நழுவி ஏணிபோலக் கீழே இறங்கினால் பதறாதீர்கள். முதலில் அதை ஊக்கால் பிடித்து நிறுத்துங்கள். அப்புறம் குரோஷா ஊசியால் ஒவ்வொரு ஏணிப்படியையும் கண்ணிக்குள் இழுத்து மேலே கொண்டுவந்து ஊசியில் ஏற்றலாம். கொக்கி ஊசியில் கை பழகியது இங்கேயும் உதவும்.

குல்லா

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மஃப்ளர் வேண்டாம், கழுத்தைச் சுற்றி இறுகும் பொருள் எதுவும் வேண்டாம். குல்லா போதும். அதிலும் கட்டுகிற கயிறு, பிய்ந்து வாய்க்குள் போகிற பொத்தான், பாசி கூடாது. கைக்குழந்தை வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள், உடம்புச் சூடு அளவுக்கு மீறலாம். பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

குல்லாவுக்குக் கணக்கு முக்கியம். எடுத்திருக்கிற நூல், ஊசியிலேயே கைக்குட்டை அளவுத் துண்டு ஒன்று முதலில் போட்டு, நடுவில் டேப் வைத்து அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். இதைச் செய்யச் சோம்பல்படுகிறவர்கள் தாத்தாவுக்கு ஆகிற குல்லாவைப் பேரனுக்குப் போடுவார்கள். அங்குலத்துக்கு 5 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். நாலு வயதுப் பிள்ளையின் தலைச் சுற்றளவு சுமார் 20 அங்குலம். பிடிமானத்துக்காக 2 அங்குலம் குறைத்தால் 18, ஐந்தால் பெருக்கினால் 90. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று போடப்போவதால் நாலால் வகுபட வேண்டும், ஆகவே 88.

பர்ல் என்பது நிட்டின் மறுபக்கம்: நூலை முன்னால் கொண்டுவந்து, ஊசியைப் பின்னிருந்து முன்னாக நுழைத்து, சுற்றி, பின்னால் இழுக்க வேண்டும். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே முன்னால் கொண்டுவர மறந்தால், ஊசியின் மேல் வேண்டாத கண்ணி ஒன்று முளைக்கும். 88 என்பது 91 ஆகிவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இப்படி இரண்டு நிட், இரண்டு பர்லாக 8 அங்குலம், மடித்துவிட வேண்டுமென்றால் 10. அப்புறம் இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து நிட் போட்டால் 44 ஆகும். ஒரு வரிசை முழுக்கப் பர்ல். மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்தால் 22, ஒரு வரிசைப் பர்ல், இன்னொரு தடவை சேர்த்தால் 11. நூலை ஒரு முழத்துக்கு மேல் விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியில் கோத்து அந்தப் பதினொன்றுக்குள்ளும் விட்டு இழுத்தால் உச்சி கூடிவிடும். மீதி நூலால் பின்பக்கத்தைத் தைத்து, நுனியை உள்பக்கம் மூன்று நாலு அங்குலம் ஓட்டிவிட்டு வெட்டுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் இரண்டாவது துவையலில் அவிழும்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், ஆடி என்பேன். கல்யாணம், காதுகுத்து என்று அலைச்சல் குறைவாக இருக்கும் மாதம். அதில் சதுரம் போடப் பழகினால் ஐப்பசிக்குள் மஃப்ளர், மார்கழிக்குக் குல்லா என்று நிதானமாகப் போகலாம். கார்த்திகையில் நூல் வாங்கினால் குல்லா முடிகிறபோது மாம்பூ பூத்திருக்கும். உறவுக்காரர்கள் பார்த்துவிட்டு ‘எங்க வீட்டுப் பிள்ளைக்கும் ஒண்ணு போட்டுக் கொடேன்’ என்பார்கள். நூலை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், நேரம் கிடைக்கும்போது போட்டுத் தருகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். பாதிப்பேர் அதோடு விட்டுவிடுவார்கள்.

துவைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் துளி ஷாம்பு போட்டு ஊறவைத்து அமுக்கி எடுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டுக் கட்டிலில் பரப்பிக் காயப்போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் மஃப்ளர் ஒரு சாண் நீண்டுவிடும். அக்ரிலிக்கை இஸ்திரி போடாதீர்கள், ஒரு தடவை சூடு பட்டால் துவண்டு போகும், பழையபடி ஆகாது. மிச்ச நூலில் இரண்டு முழத்தை உருண்டைத் தாளோடு சுற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பள்ளி வேன் ஜன்னலில் மாட்டி ஓரம் பிய்ந்து வரும்போது, அதே நிறத்தில் நூல் தேட வேண்டியிருக்காது.